மேற்படிப்பும் கல்யாணமும் ஒரே வருடத்தில்: கையைக் கடிக்கும் தவறுகள்

வெளிநாட்டில் மேற்படிப்பு, அதே வருடத்தில் கல்யாணம், கையில் கொஞ்சம் பணம். இப்படி வந்த சில ஜோடிகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். பணமே இல்லாமல் திட்டம் நின்றுபோனதைவிட, இருந்த பணம் வேண்டிய தேதியில் வேண்டிய இடத்தில் இல்லாமல் நின்றுபோனதைத்தான் அதிகம் பார்த்தேன்.

காரணம், கல்யாணத்துக்கு ஒரு தாள், படிப்புக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறார்கள். கல்யாணத் தாளைப் பெரும்பாலும் குடும்பம் வைத்திருக்கும், படிப்புத் தாளைப் படிக்கப் போகிறவர் வைத்திருப்பார். இரண்டுக்கும் பணம் எடுப்பது மட்டும் ஒரே பையிலிருந்து. இரண்டும் சந்திக்கும் மாதத்தில்தான் யாருக்கும் விஷயமே தெரிகிறது.

மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு நோட்டில் பதினெட்டு மாதத்துக்குப் பதினெட்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம்: வரவு, படிப்புச் செலவு, கல்யாணச் செலவு, மாதக் கடைசியில் மிச்சம். மிச்சம் அடுத்த வரிக்குப் போக வேண்டும். நான் உதவிய ஒரு ஜோடிக்கு மொத்தக் கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மாத வாரியாக எழுதியபோது ஒரே ஒரு வரி பள்ளத்தில் விழுந்தது. விமான டிக்கெட், தங்கும் இடத்துக்கு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, மண்டபத்துக்குப் பாக்கி எல்லாம் அந்த ஒரு மாதத்தில். உதவித்தொகை உறுதியாகியிருந்தது, ஆனால் அங்கே போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துத்தான் முதல் தவணை கைக்கு வரும். கல்யாணத்தை மூன்று மாதம் முன்னால் நகர்த்தினார்கள், பள்ளம் நிரம்பியது. செலவில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை.

காட்ட வேண்டிய பணத்தைச் செலவுப் பணமாக நினைப்பது

விசாவுக்காகக் கணக்கில் வைத்திருக்கும் பணம் உங்களுடையதுதான். ஆனால் அதைத் தொட முடியாது. இது தெரியாமல் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது.

பிரிட்டனின் மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கு நெருக்கமான ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. பத்தொன்பதாம் நாள், அலங்காரக்காரருக்கு மீதிப் பணம் அதே கணக்கிலிருந்து போனது. மறுநாள் காலையிலேயே அப்பா திருப்பிப் போட்டுவிட்டார். ஆனாலும் அந்தப் பத்தொன்பது நாளும் வீண். வகுப்பு தொடங்கும் தேதி நெருங்கிக்கொண்டிருக்க, வங்கி ஸ்டேட்மெண்ட்டில் அந்த ஒற்றை வரியை அவள் விரலால் தடவிக்கொண்டிருந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. விசாப் பணத்துக்குத் தனிக் கணக்கு, அதற்கு ஏடிஎம் கார்டே வேண்டாம் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் இன்னும் இறுக்கம். முடக்கக் கணக்கு என்று ஒன்று திறந்து ஓராண்டுக்கான தொகையை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். கல்யாண மாதத்தில் அவசரம் என்றாலும் எடுக்க வழியில்லை. கனடாவில் 2025 செப்டம்பர் 1 முதல் கல்விக் கட்டணம் போக ஒருவருக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் (கியூபெக்குக்கு விதி வேறு). துணையும் கூட வந்தால் தொகை கூடும். இந்த எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அங்கே போய்ப் பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற கணக்கும் இங்கே செல்லாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இனிமேல் சம்பாதிக்கப்போகும் அந்தப் பணத்தைக் காட்டி விசா வாங்க முடியாது. மளிகைச் செலவுக்கு உதவும், அவ்வளவே.

துணையும் கூடவே வந்துவிடலாம் என்று நம்புவது

கல்யாணம் முடிந்ததும் சேர்ந்தே போவோம் என்று முடிவெடுத்து, அதற்கேற்ப வீடு, செலவு எல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில்தான் விதியைப் படிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்த நாடு, எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கேள்வி மேசையில் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் வகுப்புவழி முதுகலைப் படிப்புகளுக்குத் துணையை அழைத்துப் போக முடியாது. ஆய்வுப் படிப்புகளுக்கும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும்தான் விலக்கு. அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் துணை எஃப்-2 விசாவில் வரலாம், ஆனால் வேலை பார்க்கக் கூடாது. ஒரு வருமானத்தில், பல நேரம் ஒரு உதவித்தொகையில், இரண்டு பேர் வாழ வேண்டும். பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போனால் துணை வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜே-1இல் போகும் சிலருக்குப் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், முதுகலைப் படிப்பு 16 மாதமாவது இருந்தால்தான் துணைக்கு வேலை அனுமதி கேட்க முடியும். கட்டணம் மிச்சம் என்று 12 மாதப் படிப்பை எடுத்தால், துணையின் ஒரு வருடச் சம்பளம் போய்விடுகிறது. எது மலிவு என்று அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் கல்யாணத் தேதிக்கே தனி மதிப்பு. மாணவருக்குத் தங்கும் அனுமதி தரப்படும்போதே திருமணம் ஆகியிருந்து, தங்குவது ஓராண்டுக்கு மேல் என்றால், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் துணை வருவது சட்டப்படி உரிமை. பிறகு கல்யாணம் செய்தால் அது அதிகாரிகள் பார்த்துத் தீர்மானிக்கும் விஷயமாகிவிடும். பெரும்பாலும் துணைக்கு ஏ1 என்ற தொடக்க அளவு ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பார்கள். அதற்குப் படிக்கவும் சில மாதம் வேண்டும்.

இதனால்தான் பதிவையும் கொண்டாட்டத்தையும் பிரித்துவிடுங்கள் என்கிறேன். சட்டப்படியான பதிவுக்குச் செலவு குறைவு, அதை விசா நாட்காட்டி பார்த்து வையுங்கள். விருந்தைக் கையில் பணம் சேரும் நாளில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரியவர்கள் முதலில் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். நோட்டில் அந்தப் பள்ள வரியைக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். சரி, இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விசா விண்ணப்பத்தில் திருமண நிலையை மறைக்காதீர்கள். விண்ணப்பித்த பிறகு கல்யாணம் ஆனாலும் தெரிவித்துவிடுங்கள். பின்னால் துணைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய படிவத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இருவரையும் நம்ப மாட்டார்கள்.

பெயரும் சான்றிதழும்

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்ற நினைப்பவர்கள் ஒன்று, மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே பாஸ்போர்ட் உட்பட எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் படிப்பு தொடங்கி நிலைபெறும்வரை ஆறப்போடுங்கள். தேர்வு முடிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று நடுவழியில் நின்றால் கடிதப் போக்குவரத்திலேயே ஒரு மாதம் போகும். திருமணச் சான்றிதழுக்குச் சில நாடுகள் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) மொழிபெயர்ப்பும் கேட்கும். கூடுதல் நகல்களைப் பதிவன்றே வாங்கி வையுங்கள்.

உதவித்தொகையைக் கடைசியில் தேடுவது

அட்மிஷன் வரட்டும், அப்புறம் உதவித்தொகை பார்க்கலாம் என்பார்கள். அப்போது பெரும்பாலான கதவுகள் மூடியிருக்கும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கான விண்ணப்பம், படிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. கல்யாணமானவர் என்பதற்காகக் கூடுதலாகத் தருவதில்லை, எனவே அந்தத் தொகையில் இருவர் வாழ முடியுமா என்று முன்பே பாருங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ.

கல்யாணத்துக்காகப் படிப்பை ஒரு வருடம் தள்ளி வைப்பதும் இலவசமில்லை. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுதான் செல்லும், மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு மதிப்பெண் ஐந்து ஆண்டு. அட்மிஷனைத் தள்ளி வைக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டாலும் உதவித்தொகை அதோடு நகரும் என்று உறுதியில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்யாணச் செலவில் தவறான இடத்தில் வெட்டுவது

அழைப்பிதழ் தாளை மாற்றுவது, பூவைக் குறைப்பது எல்லாம் சில்லறை. சாப்பாடு, நாற்காலி, இடம் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்றுதான் ஏறுகின்றன. ஆகவே குறைக்க வேண்டியது தலைகளின் எண்ணிக்கையை. பட்டியல் எழுதும் முன் எண்ணை முடிவு செய்யுங்கள். பெயர்களில் தொடங்கினால் நிறுத்தவே முடியாது.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், தேதி மாறினால் எவ்வளவு திரும்பும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விசா நேர்காணல் தேதி உங்கள் கையில் இல்லை. பாஸ்போர்ட் பல வாரம் தூதரகத்திலேயே இருக்கலாம் என்பதால், அந்த நாட்களில் வெளிநாட்டுத் தேனிலவுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

விருந்துக்காகக் கடன் வாங்குவதை நான் முழுக்க எதிர்க்கிறேன். தவணை மறுமாதமே தொடங்கும், அப்போது இருவரில் ஒருவருக்கு வருமானமே இருக்காது. கல்விக் கடனோடு அதுவும் சேர்ந்தால் முதல் குளிர்காலத்தில் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிப்பார்கள். அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

பரிசு என்ன வேண்டும் என்று கேட்பவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: விமான டிக்கெட்டுக்கு உதவினால் போதும். ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான் அனுமதி. சுவர்க் கடிகாரமும் பாத்திரச் செட்டும் அதற்குள் போகாது, குளிர்கோட்டு போக வேண்டும்.