சொரியாசிஸுக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா?

டாக்டரைப் பார்க்கிற அன்றைக்குத்தான், இந்தத் தோல் நோயில் சிவந்து உதிரும் செதிலெல்லாம் சமத்தாக அடங்கிக் கிடக்கும். அதனால் அதிகமாக இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தலை, நகம், தொப்புள் எதையும் விடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இந்த நோய் மூட்டையும் பிடிக்கும். தாமதித்தால் மூட்டு கெட்டுப்போகும்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். லித்தியம் (மனநல மாத்திரை), சில பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்த, இதய மாத்திரை), குளோரோகுயின் (மலேரியா மாத்திரை) போன்றவை சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், 'ஒரே மாதத்தில் குணம்' என்று விற்கிற பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். திடீரென்று விட்டால் உடம்பு முழுக்கச் சிவந்து முன்னைவிட மோசமாகலாம். சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.