போர் ஓய்ந்தபின் மூளும் வல்லரசுப் பகையைப் படிக்கும் முறை

வேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு உலக வரலாறு நடத்தும்போது, பனிப்போரை (இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நீடித்த பகையை), கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க வேண்டும் என்று 1947 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்வது என் வழக்கம். அந்த உரை பகை முற்றியபின் வந்தது. வித்து போர் நடக்கும்போதே விழுந்துவிட்டது.

முதலில் ஐரோப்பிய வரைபடம் ஒன்றை எடுத்து, 1945 மே மாதத்தில் எந்தப் படை எங்கே நின்றது என்று இரு வண்ணப் பென்சில்களால் குறித்துக்கொள்ளுங்கள். போர் முடியுமுன் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் என்ன பேசியிருந்தாலும், பெரும்பாலும் படை நின்ற இடமே பிறகு எல்லையாயிற்று. (ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருந்து அமெரிக்கப் படை பின்வாங்கியது ஒரு விலக்கு.) பிறகு வரைபடத்தின் ஓரத்தில் இழப்புகளை எழுதுங்கள்: சோவியத் ஒன்றியத்தில் சுமார் 2.7 கோடிப் பேர், அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர். கிழக்கு ஐரோப்பாவைத் தனக்கு அரணாக வைத்துக்கொள்ள சோவியத் தலைவர் ஸ்டாலின் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பதற்கு இந்த எண்களைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அதை நியாயப்படுத்துவது வேறு விஷயம்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பெர்லின். அது சோவியத் மண்டலத்துக்கு நடுவே இருந்தாலும், அதன் மேற்குப் பகுதி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில் இருந்தது. 1948 ஜூன் 20 அன்று இந்த மூன்று நாடுகளின் பிடியிலிருந்த ஜெர்மனியின் மேற்கு மண்டலங்களில் புதிய மார்க் நாணயம் புழக்கத்துக்கு வந்தது. நான்கே நாளில், மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழிகளைச் சோவியத் தரப்பு அடைத்தது. 1949 மே 12 வரை அந்த நகரம் விமானத்தில் வந்த நிலக்கரியையும் மாவையும் நம்பியே வாழ்ந்தது. துப்பாக்கிச் சண்டையில்லாமல், ஒரு ரூபாய்த்தாள் மாற்றத்தைப் போன்ற நிகழ்விலிருந்து நகரம் இரண்டாகப் பிளந்ததை நிதானமாகப் படித்தால், நேட்டோ, வார்சா ஒப்பந்தம் ஆகிய இரு தரப்பு ராணுவக் கூட்டணிகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

கடைசியாக, இதே முறையை நம் வட ஆற்காட்டில் சோதித்துப் பாருங்கள். 1748-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்டார்கள். மறு ஆண்டே ஆம்பூரில் பிரெஞ்சு ஆதரவு பெற்ற சந்தா சாகிபின் தரப்பு, ஆற்காட்டு நவாப் அன்வருதீனைப் போரில் கொன்றது. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையின்போது, சந்தா சாகிபுக்கு எதிரான வாரிசான, அன்வருதீனின் மகன் முகமது அலிக்காக உள்ளே இருந்து போரிட்டவர் ஆங்கிலேயர் தரப்பின் கிளைவ். நேரடியாக மோதிக்கொள்ள முடியாதவர்கள் உள்ளூர் வாரிசுகளின் பின்னால் நின்று மோதுவது பனிப்போர்க் காலக் கொரியப் போரில் புதிதாகத் தோன்றியதல்ல என்பது இதில் விளங்கும். ஆயினும் இந்த ஒப்பீட்டை விடைத்தாளில் எழுத வேண்டாம்; அங்கே மதிப்பெண் யால்டாவுக்கும் பெர்லினுக்கும்தான்.