எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் பாதம் வலிக்கிறது: எலும்புப்புரை உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எலும்புப்புரை என்றதும் இடுப்பு, முதுகு, மணிக்கட்டு மூன்றும்தான் நினைவுக்கு வரும். பாதத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்பின் எடை முழுவதும் இறங்குவது அங்கேதான். எலும்பு வலுவிழந்தவர்களுக்குக் கீழே விழாமலே பாதத்தில் விரிசல் விடலாம். கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றது, கோயில் பிரகாரத்தை வெறுங்காலில் சுற்றியது போதும்.

என் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, "குதிவாதம்தான், நடங்கள் சரியாகிவிடும்" என்றார்கள். அம்மாவும் வலியோடு நடந்தார், விரிசல் பெரிதானது. அவரைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பாதத்துக்கு ஓய்வு கொடுங்கள், உடம்புக்குக் கொடுக்காதீர்கள். பாதத்தை மட்டும் பார்க்காமல் எலும்புப்புரையையும் சேர்த்துக் கவனியுங்கள். கீழே உள்ள படிகளெல்லாம் இதைச் செய்வதற்கான வழிதான்.

படி 1: வலி எங்கே, எப்போது என்று கவனியுங்கள்

குதிவாதத்தில் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில்தான் உயிர் போகும். கொஞ்சம் நடந்ததும் வலி இறங்கும். விரிசல் வலி இதற்கு நேர்மாறு. நடக்க நடக்க ஏறும், உட்கார்ந்தால் அடங்கும், முற்றிவிட்டால் படுத்திருக்கும்போதும் விடாது. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். குதிவாதத்தில் வலிக்கும் இடம் அடிப்பக்கத்தில் இருக்கும். பக்கவாட்டில் அழுத்தும்போது சுரீர் என்றால் குதிகால் எலும்பில் விரிசல் இருக்கலாமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன, மெட்டாடார்சல் என்பார்கள். அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் அடிக்கடி விரிசல் விடுபவை. புறங்கால் வீங்கும். ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலிக்கும்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதம் சிவந்து, சூடாக, வீங்கி இருக்கிறது, ஆனால் வலி அதிகம் இல்லையென்றால் நிம்மதி அடையாதீர்கள். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல் உள்ளே எலும்புகள் நொறுங்கும் சார்க்கோட் பாதமாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: ஒரு எக்ஸ்ரேயோடு நிறுத்தாதீர்கள்

மெல்லிய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது மிகவும் சகஜம். எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளத் தொடங்கி, அந்த இடத்தில் புது எலும்பு படிந்த பிறகுதான் படத்தில் தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடும். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இப்போதைக்கு விரிசல் என்றே வைத்துக்கொண்டு காலைப் பாதுகாத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாமா?" பெரும்பாலும் அது நியாயமான வழிதான்.

போகும்போது இந்த விவரங்களை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: எலும்புப்புரை இருக்கிறது, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருக்கிறார்களா, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா. அவசரமான ஓ.பி.யில் இதையெல்லாம் யாரும் தோண்டிக் கேட்பதில்லை.

எந்த எலும்பு, எந்த இடம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறுவதற்கு எத்தனை நாளாகும் என்பது அதைப் பொறுத்தது. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிநுனியில் சின்னத் துண்டு பெயர்ந்தால் பொதுவாகச் சீக்கிரம் ஆறிவிடும். அதிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி முறிந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் கூடும். சிலருக்கு ஸ்க்ரூ வைக்க வேண்டி வரும். பாதத்தின் நடுவில் இருக்கும் நேவிகுலர் எலும்பும் அப்படிப்பட்டதுதான்.

படி 3: "கால் ஊன்றலாமா?"

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். "பார்த்து நடங்க" என்பது பதில் அல்ல. காலைத் தரையில் வைக்கவே கூடாதா, குதிகாலை மட்டும் ஊன்றலாமா, வாக்கிங் பூட் (பாதத்தையும் கணுக்காலையும் அசையாமல் பிடிக்கும் தடித்த காலணி) போட்டுக்கொண்டு முழு எடையும் போடலாமா? இந்த மூன்றில் எது, எத்தனை வாரத்துக்கு என்று கேளுங்கள்.

பூட் போட்டால் அந்தக் கால் உயர்ந்துவிடும். மறு காலில் வெறுமனே நடந்தால் இடுப்பும் முதுகும் வலிக்கும். வீட்டுக்குள்ளேயும் மறு காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள, பின்பக்கம் வார் இருக்கும் செருப்பு போடுங்கள். ஒற்றை ஊன்றுகோல் என்றால் வலி இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வயதானவர்களுக்கு அக்குளில் வைக்கும் கட்டைகளைவிட வாக்கர்தான் பாதுகாப்பு, தடுமாறினாலும் கீழே சாய விடாது.

எலும்புப்புரையில் இதற்கு நடுவே கீழே விழுந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். பாத விரிசல் ஆறிவிடும், இடுப்பு எலும்பு முறிந்தால் வாழ்க்கையே மாறிவிடும். அதனால் குளியலறையை முதல் நாளே சரி செய்யுங்கள். சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க முதுகு சாயும் நாற்காலி, வழுக்காத ரப்பர் விரிப்பு. தரையோடு இருக்கும் கழிப்பறையில் குந்துவது இப்போது ஆகாத காரியம், அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவக் கடைகளில் கிடைக்கும். வாசலில் கிடக்கும் துணி மிதியடிகளை எடுத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் இரவு விளக்கு எரியட்டும். சமையலறையில் ஒரு உயரமான ஸ்டூல் போட்டு, காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள்.

நீவி விடுவதற்கு யாரையும் அனுமதிக்க வேண்டாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவினால் மெல்லிய விரிசல் முழு முறிவாகிவிடும். நாட்டுக்கட்டு போடுவதில் நம்பிக்கை உள்ளவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. என்ன முறிந்திருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல் கட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கட்டாக இருந்தாலும், அது மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்கள் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், சில்லிட்டால், தாங்க முடியாமல் வலித்தால் அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் காலையே இழக்க நேரிடும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பதும், மூச்சு வாங்குவதும், நெஞ்சு வலியும் ரத்தம் கட்டியதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

அப்புறம், படுத்தே கிடக்காதீர்கள். அசையாமல் இருந்தால் எலும்பும் தசையும் இன்னும் கரையும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்குவது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தினமும் கொஞ்சம் செய்யலாம். முன்னால் குனிந்து கால் விரலைத் தொடுகிற பயிற்சி மட்டும் வேண்டாம், முதுகெலும்பு நசுங்கும் ஆபத்து உண்டு.

படி 4: வலியைச் சமாளிப்பது

உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை மேல், நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸைப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம், பாதம் மரத்துப்போனவர்கள் ஐஸும் வெந்நீர் ஒத்தடமும் தவிர்க்க வேண்டும். மாத்திரையில் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு, அளவை மருத்துவர் சொல்லட்டும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்க வேண்டாம். வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவை கெடுக்கும், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமோ என்ற சந்தேகமும் மருத்துவர்களிடையே இருக்கிறது. வலி மரத்துப்போய்விட்டதால் காலை ஊன்றி நடந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

முறிவு ஆறும் நேரத்தில் வலி குறையாமல் எரிச்சலாக மாறி, தொட்டாலே துடிக்கிறது, தோலின் நிறமும் சூடும் மாறுகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நரம்பு சார்ந்த அந்த வலிக்குச் சிகிச்சை வேறு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

படி 5: ஏன் கூடவில்லை என்று தேடுங்கள்

மெட்டாடார்சல் விரிசல் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் ஆறும். வீக்கம் அதற்குப் பிறகும் சில மாதம் மாலை நேரங்களில் எட்டிப் பார்க்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் எக்ஸ்ரேயில் முன்னேற்றம் இல்லை, ஊன்றினால் அதே வலி என்றால் "வயசாச்சு, அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். வயதுக்கு மேல் ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும்.

நம் ஊரில் அதிகம் காணப்படும் காரணம் வைட்டமின் டி குறைவு. வெயில் கொளுத்தும் ஊரில் எப்படி என்று கேட்கலாம். வீட்டுக்குள்ளேயே இருப்பது, உடல் முழுக்க மூடும் உடை, வயதாக ஆகத் தோலின் உற்பத்தி குறைவது எல்லாம் சேர்ந்துகொள்கிறது. ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ரொம்ப நாள் ரொம்பக் குறைவாக இருந்தால் எலும்பு இறுகாமலே மென்மையாகிவிடும். அது எலும்புப்புரையிலிருந்து வேறான நோய், அதற்கு வைட்டமின் டி-யும் கால்சியமும்தான் மருந்து. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் விரிசல் வந்தால் இதை அவசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

வைட்டமின் டி-யோடு கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகிய பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். புகை, பீடி இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், அது எலும்பு கூடுவதை நேரடியாகத் தடுக்கிறது. இன்னொரு காரணத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க முடியும்: யாரும் பார்க்காதபோது எழுந்து நடப்பது. நம் வீட்டுப் பெண்கள் சமையலறையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வேலையை யாராவது எடுத்துக்கொண்டால்தான் அவர்கள் உட்காருவார்கள்.

படி 6: சாப்பாடு

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350, ஒரு டம்ளர் பாலில் (200 மில்லி) ஏறக்குறைய 240. தயிர், எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்த்தால் பாதிக்கு மேல் சாப்பாட்டிலேயே வந்துவிடும். மீதிக்கு மாத்திரை. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடம்பு சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள்.

கால்சியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், புரதத்தை மறந்துவிடுகிறார்கள். முறிவு ஆறும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ரசம் சாதத்தில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை எடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

படி 7: எலும்புப்புரைக்கான மருந்து

பாதத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு எலும்புப்புரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் அலண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, காபி குடிக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. நிறுத்திவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியலாம். ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே திட்டமிட்டுவிடுங்கள். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முறிவுகள் திரும்பத் திரும்ப வந்தால், புது எலும்பை வளர்க்கும் டெரிபாராடைட் என்ற தினசரி ஊசி பொருந்துமா என்று கேட்கலாம்.

படி 8: மறுபடி நடப்பது

பூட்டைக் கழற்றிய அன்றே கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் மாடியில் அல்லது தெருமுனை வரை. நடந்த அன்று இரவும் மறுநாள் காலையும் பாதத்தைக் கவனியுங்கள். வலி கூடவில்லை என்றால் சில நாள் அதே தூரம், பிறகு கொஞ்சம் அதிகம். கூடினால் ஒரு படி பின்னால் போங்கள். முன்பாத விரிசலுக்கு அடிப்பாகம் வளையாத ஷூ நல்லது. குதிகாலுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மிருதுவான ரப்பர் செருப்பு இதமாக இருக்கும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை இனி விட்டுவிடுங்கள்.

நடக்கத் தொடங்கியதும் மறு காலிலும் ஒரு கண் இருக்கட்டும். இத்தனை நாள் எடையைச் சுமந்தது அதுதான், அங்கேயும் விரிசல் வரலாம். அலண்ட்ரோனேட் போன்ற மருந்துகளைப் பல வருடம் எடுத்தவர்களுக்குத் தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி வந்தால், அதையும் நடையின் களைப்பு என்று விடாமல் இரண்டு தொடைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அரிதாகத் தொடை எலும்பில் ஒரு தனி வகை முறிவு வருவதற்கு முன் இந்த வலிதான் முதலில் தெரியும்.