ஒரு கிலோ கோழியை ஒரே சட்டியில் போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ எந்தக் கோழிக்கடை வாசலில் நின்றாலும் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: "ஒரு கிலோ, குழம்புக்கு வெட்டிக் குடுங்க." நெஞ்சு, தொடை, கழுத்து, முதுகெலும்பு எல்லாம் ஒரே அளவில் துண்டாகி ஒரே கவரில் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் மொத்தமும் ஒரே சட்டிக்குள் போகிறது. மத்தியானம் நான்கு பேர் சாப்பிட்டால் கறி காலி, சட்டியில் வெறும் குழம்பு நிற்கும். ராத்திரிக்கு என்ன செய்வது என்று மறுபடி யோசனை. கோழி விலை ஏறிப்போச்சு என்று அலுத்துக்கொள்கிறோம். விலை ஏறுவது நம் கையில் இல்லை. வாங்கியதை எப்படிப் பிரிக்கிறோம், எப்படி வேகவைக்கிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. காசு கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கோழிக்குள் மூன்று விதமான கறி இருக்கிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. அதன் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் சாறெல்லாம் வெளியேறிச் சக்கையாகிவிடும். தொடையிலும் காலிலும் சவ்வு அதிகம். அது கரைய நேரம் வேண்டும், கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தால்தான் மெத்தென்று வரும். கழுத்து, முதுகெலும்பு, இறக்கை இவற்றில் கறி சொற்பம், ஆனால் குழம்புக்கும் ரசத்துக்கும் ருசி கொடுப்பது இவைதான். மூன்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டால், தொடை பதமாகும் நேரத்தில் நெஞ்சுக்கறி நார் நாராகிவிடும். பிள்ளைகள் அதைத் தட்டோரத்தில் ஒதுக்குவார்கள். கழுத்தையும் முதுகையும் பெரியவர்களும் ஒதுக்குவார்கள். காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு இப்படியே குப்பைக்குப் போகிறது.

இதற்கு ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினால் போதும். "பாய், முழுக் கோழியா எடுங்க. நெஞ்சுக்கறியை வெட்டாம அப்படியே குடுங்க. தொடை, காலை மட்டும் குழம்புக்குத் துண்டு போடுங்க. கழுத்து, முதுகு, இறக்கை தனிக் கவர்ல." எந்தக் கடைக்காரரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். கூட்டம் சேர்வதற்கு முன், ஏழு மணிக்குள் போனால் இன்னும் நிதானமாகப் பிரித்துக் கொடுப்பார். ஈரலையும் இரைப்பையையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் கோழியோடு வந்தவை.

அப்புறம் விலைக் கணக்கு. சில கடைகளில் உயிர் எடைக்கு விலை, சில கடைகளில் சுத்தம் செய்த கறிக்கு விலை. இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து உயிர்க்கோழி மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு கிலோ உயிர்க்கோழி தோலோடு சுத்தம் செய்தால் சுமார் 1.4 கிலோ நிற்கும், தோலை உரித்தால் இன்னும் குறையும். உயிர் எடை கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோவுக்கு 280. தோலுரித்த கறி 1.25 கிலோ தேறினால் கிலோவுக்கு 224 ரூபாய் ஆகிறது. இந்த எண்ணை வைத்துத்தான் பக்கத்துக் கடையின் ஸ்கின்லெஸ் விலையோடு ஒப்பிட வேண்டும்.

போன்லெஸ் வாங்குவது இன்னொரு செலவு. எலும்பை எடுத்துத் தருகிற வேலைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம், எலும்போ கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு நெஞ்சுத் துண்டிலிருந்து எலும்பை எடுக்க ஒரு கூரான கத்தியும் ஐந்து நிமிடமும் போதும். நடுவெலும்பின் ஓரமாகக் கத்தியைச் சாய்த்து இறக்கினால் கறி தானாகக் கழன்று வரும்.

தோலோடு வாங்கினால் விலை குறைவு. தோலைத் தனியாக எடுத்து, எண்ணெய் ஊற்றாமல் வாணலியில் சிறு தீயில் போட்டால் கொழுப்பு உருகி வரும். அந்த வாரம் செய்கிற ஈரல் வறுவலுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதுவே எண்ணெய். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அறிவுறுத்தியவர்கள் தோலை விட்டுவிடலாம்.

சரி, பிரித்து வாங்கியாயிற்று. முதலில் அடுப்பில் ஏற வேண்டியது எலும்புப் பாத்திரம். கழுத்து, முதுகு, இறக்கையோடு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய பூண்டு, நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் மிளகு, மஞ்சள், உப்பு. கொதி வந்ததும் மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விட வேண்டும். இங்கே பலர் செய்கிற தவறு தீயைத் தூக்கி வைப்பது. தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிப்போகும், தண்ணீரும் சீக்கிரம் வற்றிவிடும். மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நெஞ்சுக்கறியையும் இதே சாற்றில்தான் வேகவைக்க வேண்டும். எலும்பு ருசி இறங்கிய பிறகு, முழுத் துண்டாக உள்ளே இறக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம். தடித்த இடத்தில் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறம் இருக்கக் கூடாது. வெந்ததும் எடுத்து ஆறவிட்டுக் கையால் நார்வாக்கில் பிய்த்துக்கொள்ளுங்கள். இனி சுறாப் புட்டு செய்கிற அதே பக்குவம்தான். நம் கடற்கரை ஊர்களில் அந்தப் பக்குவம் தெரியாத வீடு குறைவு. வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு. பூண்டைப் பொடியாக நறுக்கித் தாராளமாக, ஒரு முழுப்பூண்டுகூடப் போடலாம். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, இரண்டு கை நறுக்கிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் பிய்த்த கறியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்க வேண்டும். கறி ஏற்கெனவே வெந்தது, மறுபடி பத்து நிமிடம் வறுத்தால் போட்ட உழைப்பெல்லாம் வீண். அரைக் கிலோவுக்கும் குறைவான நெஞ்சுக்கறி நான்கு பேருக்குத் தாராளமாக வரும். அந்த எலும்புச் சாற்றில் பாதியை எடுத்துத் தக்காளி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் பக்கத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. மீதிச் சாற்றில் மறுநாள் சீரகச்சம்பா போட்டுக் குஸ்கா செய்யலாம். தண்ணீரில் செய்த குஸ்காவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. முந்தின நாள் வாங்கிய நீள ரொட்டி காய்ந்து கிடந்தால் அதை எலும்புச் சாற்றில் நனைத்துப் பிழிந்து, பிய்த்த கறியோடும் வேகவைத்த உருளைக்கிழங்கோடும் பிசைந்து தோசைக்கல்லில் கட்லெட் தட்டலாம். முட்டைகூட வேண்டாம்.

குழம்புக்கு வருவோம். பிராய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு இளசான கறியைக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் எலும்பு தனி, கறி தனி, குழம்பு கொழகொழ. திறந்த சட்டியில் 20, 25 நிமிடமே தாராளம். தண்ணீரும் உடனே ஊற்ற வேண்டாம். வதக்கிய வெங்காயம், தக்காளி, மசாலாவோடு கறியைப் போட்டு உப்புச் சேர்த்து மூடிவிட்டால் கோழியே தண்ணீர் விடும். அது விட்டு அடங்கிய பிறகு எவ்வளவு குழம்பு வேண்டும் என்று பார்த்து, அந்த எலும்புச் சாற்றிலேயே ஒரு கரண்டி, இரண்டு கரண்டி ஊற்றலாம். நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும்.

மூன்றாவதாக ஒரு கோழி இருக்கிறது. அதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றரை வருடம் போல முட்டையிட்டு ஓய்ந்த முட்டைக்கோழி. கடைகளில் வரும்போது விலை குறைவாக இருக்கும். கறி கெட்டி, கொழுப்பும் உண்டு. இதை வறுவலுக்கு வாங்கினால் கடிக்க முடியாது. பிராய்லர் போலப் பாவித்துவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று திட்டுவதும் நியாயமில்லை. குக்கரில் சிறு தீயில் அரைமணி நேரம் விட்டு, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்துப் பாருங்கள். பிராய்லரில் வராத மணம் வரும். சளி பிடித்த வீட்டுக்குச் சூப் வைக்க இதைவிடப் பொருத்தமான கோழி இல்லை என்பேன்.

ஆள் கூடிவிட்டால் குழம்பில் தண்ணீரை ஊற்றி நீட்டுவது நம் எல்லோருக்கும் கை வந்த பழக்கம். அப்புறம் நீர்த்த குழம்பைச் சரிக்கட்ட மிளகாய்த்தூளையும் கரம் மசாலாவையும் அள்ளிக் கொட்டுகிறோம். செலவு கூடுகிறது, ருசி குறைகிறது. நீட்டுவதற்குக் காய் போட வேண்டும், அதிலும் நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது: பலாக்கொட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் வரத்து சுருங்கி, எல்லோரும் கோழிக்கடைப் பக்கம் திரும்புகிறார்கள். பண்ருட்டிப் பலா சந்தையில் குவிவதும் அதே மாதங்களில்தான். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடாமல் கழுவி உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். மேல்தோலை உரித்து இரண்டாகப் பிளந்து, குக்கரில் தனியாக மூன்று விசில் விட்டுக் குழம்பில் சேர்க்க வேண்டும். பச்சையாகவே கறியோடு போடுவது தவறு, கறி குழைந்த பிறகும் கொட்டை கடுக்கென்று நிற்கும். அரைக் கிலோ கறிக்கு ஒரு கை பலாக்கொட்டை போட்டால் குழம்பும் கெட்டியாகும், ஆறு பேர் உட்காரலாம். சீசன் இல்லாதபோது முருங்கைக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு.

வெயில் காலத்தில் பிடித்து வைக்கிற வடகமும் இங்கே கை கொடுக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்துக் காயவைத்த உருண்டையை மீன்குழம்புக்கும் கீரைக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கோழிக்குழம்பிலும் பட்டை, கிராம்பு, ஏலக்காய்க்குப் பதில் ஒரு சிறு உருண்டை வடகத்தை உதிர்த்துத் தாளித்தால் போதும். ஒரே எச்சரிக்கை: எண்ணெய் புகைய விடாதீர்கள். வெந்தயமும் பூண்டும் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. அரைத்து ஊற்ற முழு முந்திரி வாங்கவும் வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் உடைந்த முந்திரி விலை குறைவாகவே கிடைக்கும், அரைக்கப் போவதற்கு முழுசு எதற்கு? அதுவும் இல்லையென்றால் பொட்டுக்கடலை.

இனி வருவது ருசிக்கும் காசுக்கும் மேலான விஷயம். கோழியைக் குழாய்க்கு அடியில் பிடித்துத் தண்ணீரை வேகமாகத் திறந்து கழுவாதீர்கள். பச்சைக்கறியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். தெறிக்கிற துளியில் அவை பக்கத்தில் வைத்த கொத்தமல்லி மேலும் தட்டு மேலும் போய் உட்காரும். மஞ்சள் தடவினால் கிருமி போய்விடாது. நன்றாக வேகவைப்பதுதான் அதைக் கொல்லும். கழுவாமல் மனசு கேட்காது என்றால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள். பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கறி வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது.

மத்தியானக் குழம்பை அடுப்பிலேயே மூடி வைத்து, காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற வீடுகள் ஏராளம். கொதித்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் இரவெல்லாம் வளர்ந்து வெளியிட்ட நச்சு கொதியிலும் அழியாமல் அப்படியே இருக்கும். சமைத்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் போகிற நம் சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம்தான். பெரிய சட்டியோடு வைத்தால் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும், அதனால் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றியது என்றால் இன்னும் சீக்கிரம்.

ஃப்ரீசரில் அடுக்கி வைப்பதிலும் காலம் பார்க்க வேண்டும். புரட்டாசியில் பலர் அசைவம் தொடாததால் விலை பொதுவாக இறங்கும். அப்போது வாங்கி மூன்று நான்கு கிலோ சேர்த்து வைக்கத் தோன்றும். ஆனால் அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் வைக்காதீர்கள். கரண்ட் போய் இளகி வெதுவெதுப்பாகிவிட்ட கறியை மறுபடி உறைய வைத்துச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

மற்ற மாதங்களில் வைக்கும்போது, ஒரு கிலோவையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால் கால் கிலோ தேவைப்படும் நாளில் முழுவதையும் இளக்க வேண்டியிருக்கும். கால் கிலோ, அரைக் கிலோவாகப் பிரித்து, கவரைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, தேதியும் 'எலும்பு', 'நெஞ்சு', 'தொடை' என்றும் எழுதி வையுங்கள். நாளைக்குச் சமைக்கப் போவதை இன்று ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிட்டால் காலையில் பதமாக இளகியிருக்கும்.