நாலு ப்ராஜெக்ட், ஒரே ஞாயிற்றுக்கிழமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கைபேசியை நீட்டினார். வார இறுதிகளில் செய்யப்போகும் சொந்த வேலைகளின் பட்டியல்: தமிழ்ச் சொல் விளையாட்டு, செலவுக் கணக்கு ஆப், பதினாறு பக்கச் சித்திரக் கதை, கிடார். "எதை முதல்ல எடுக்கட்டும் அக்கா?" என்றார். எட்டு வருடத்துக்கு முந்தைய என் நோட்டிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இன்னும் தொடப்படாமல்தான் கிடக்கிறது.

நிறைய இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, நேரத்துக்குத் தூங்கு என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதுமில்லை. நானே இப்போதும் நாலு வைத்திருக்கிறேன். வாரம் ஒன்றாக முறை வைத்துச் செய்யும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் பெயரையே வேலையாக எழுதுவது

"இந்த ஞாயிறு: சொல் விளையாட்டு" என்று காலண்டரில் எழுதினால் அந்த ஞாயிறு போயிற்று. தம்பியின் விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருந்தார். 'வண்ணத்துப்பூச்சி' நமக்கு 9 எழுத்து. பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியில் நீளம் கேட்டால் 16 என்கிறது. கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் யுனிகோடு முறையில் 'பூ' என்பது ப ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் கணக்கு. 'கொ' இன்னும் மோசம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகப் பிரிந்தும் வரலாம், திரையில் வித்தியாசமே தெரியாது.

ஆக, "சொல்லை எழுத்துகளாகப் பிரி, பத்துச் சொல்லில் சரிபார்" என்பதே ஒரு ஞாயிற்றுக்குப் போதும். அதற்கு மேல் எழுதாதீர்கள். சித்திரக் கதை என்றால், "மூன்றாம் பக்கத்துக்குப் பென்சில்".

குறிப்பு வைக்காமல் எழுந்துபோவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

மூன்று வருடத்துக்கு முன் கோலம் போடும் ப்ரோகிராம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். புள்ளிகளைக் கொடுத்தால் சிக்குக் கோலத்தை அதுவே வளைத்து வரைய வேண்டும். மார்கழிக்குள் முடிப்பதாக ஏற்பாடு. கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வரும் இடத்தில் கால் வட்டம் தேவை. ஒரு ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு அந்த வளைவு அவ்வளவு அழகாக வந்தது. சந்தோஷத்தில் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த வாரங்கள் மற்ற மூன்றின் முறை. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல். திரும்பி வர ஏழு வாரம் ஆகிவிட்டது.

வந்து பார்த்தால் நடுவில் 0.5523 என்று ஒரு எண். பக்கத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஏதோ குத்துமதிப்பாகப் போட்டது போல என்று நினைத்து, பார்க்கச் சுத்தமாக இருக்கட்டுமே என்று 0.5 ஆக்கினேன். கூடவே வேறு இரண்டு இடங்களிலும் கை வைத்தேன். வட்டங்கள் கொஞ்சம் அமுங்கின. நன்றாக அமுங்கியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மூன்று சதவீதம்கூட இல்லாத அமுங்கல், ஆனால் முழுக் கோலத்தையும் பார்த்தால் எங்கோ இடிக்கும். புள்ளி இடைவெளிதான் தப்பு என்று அதை மாற்றினேன். கோட்டின் தடிமனை மாற்றினேன். இரண்டு ஞாயிறு போனது.

மூன்றாவது ஞாயிறு, பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் என் கையெழுத்திலேயே கணக்கு கிடைத்தது: √2-இலிருந்து 1-ஐக் கழித்து, வந்ததை 4/3-ஆல் பெருக்கு. பெசியர் வளைவால் (கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இழுக்கும் பக்கம் வளையும் கோடு) கால் வட்டம் வரைய வேண்டுமானால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஆரத்தில் அந்தப் பங்கு தள்ளி வைக்க வேண்டும். அதுதான் 0.5523. நானே உட்கார்ந்து கண்டுபிடித்ததை நானே அழித்திருக்கிறேன். அந்த மார்கழி முழுக்கக் கையால்தான் கோலம் போட்டேன்.

ப்ரோகிராமின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் அது இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது. கடைசிக் கமிட்டில், அதாவது கடைசியாகச் சேமித்தபோது, நான் எழுதிவைத்த குறிப்பு: "சரியாயிடுச்சு". எது?

என் பெரியப்பா தறி நெய்தவர். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள், தீரும்போது பழைய இழைகளை முழுக்க உருவி எடுத்துவிட மாட்டார். அவற்றின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார். உருவிவிட்டால் தறியின் விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டும். நான் ஏழு வாரம் கழித்து வந்து கோத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இப்போது கடைசிப் பத்து நிமிடத்தில் வேலை செய்வதில்லை. மூன்று வரி எழுதுகிறேன்: எது ஓடுகிறது, எது உடைந்திருக்கிறது, அடுத்த முறை எந்த வரியில் கை வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் நிற்கும் எண் ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு வரி. சில வாரம் வேண்டுமென்றே, ப்ரோகிராமைச் சரிபார்க்கும் ஒரு சின்னச் சோதனையைத் தோற்கும் நிலையில் விட்டுவைப்பேன். திரும்பி வந்து ஓட்டியதும் எங்கே நின்றோம் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

படம் வரைபவர்களுக்கும் இதே கதைதான். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் பார்த்த நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துக் கலந்தால் ஒட்டவே ஒட்டாது. இண்டிகோவும் பர்ன்ட் சியன்னாவும் என்ன அளவு என்பதை அந்தத் தாளின் பின்னாலேயே எழுதி, ஒரு கோடு தீற்றிக் காயவிடுங்கள்.

வாரத் திட்டத்துக்கு ஆப் எழுதுவது

நானும் எழுதினேன். நாலு ப்ராஜெக்டுக்கு முறை போட்டுத் தரும் ஆப், ஐந்தாவது ப்ராஜெக்டாக உட்கார்ந்துகொண்டது. கணினி அறிஞர் டொனால்டு நூத் தன் புத்தகத்தின் அச்சுப்படி பிடிக்காமல் 1977-ல், புத்தகங்களை அச்சுக்கோக்கும் டெக் (TeX) மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்தது பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. உலகத்துக்கு டெக் கிடைத்தது, சரி. நீங்கள் எழுதப்போவது டெக் இல்லை. பத்து ரூபாய் நோட்டுப்புத்தகம் போதும்.

படித்துக்கொண்டே இருப்பது

கோலத்தை மொழியின் இலக்கணம்போல விதிகளாக எழுதலாம் என்று தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970-களிலேயே கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அருமையான வாசிப்பு. அதைப் படித்த மாதம் நான் ஒரு கோடுகூட வரையவில்லை. படிப்பதையும் ஒரு வாரத்தின் வேலையாக எழுதுங்கள், அந்த வாரத்தோடு மூடிவையுங்கள்.

பாதியில் ப்ரோகிராம் மொழியை மாற்றுவது

வேண்டாம்.

தவறிய வாரத்தை ஈடுகட்டுவது

ஊருக்குப் போனீர்கள், உடம்பு சரியில்லை, சித்திரக் கதையின் வாரம் போய்விட்டது. அடுத்த வாரம் அதையும் சேர்த்துச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரே ஞாயிற்றில் இரண்டும் அரைகுறையாகும். முறை அப்படியே நகரட்டும். தீபாவளி வாரத்துக்கும் பொங்கல் வாரத்துக்கும் முதலிலேயே குறுக்குக்கோடு போட்டுவிடுங்கள்.

செய்யுமுன் அறிவிப்பது

லோகோ வரைந்து, பெயர் வைத்து, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, பாராட்டும் வாங்கியாகிவிட்டது. அப்புறம் எதற்கு வேலை?

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது தலையாட்டினார். தலையாட்டுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் போன ஞாயிறு இரவு பத்தரைக்கு ஒரு செய்தி வந்தது: "ஓடுது: வண்ணத்துப்பூச்சி 9. உடைஞ்சிருக்கு: கௌரி. சிலர் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி'ன்னு அடிக்கிறாங்க, 3 எழுத்துன்னு காட்டுது. அடுத்து: அதை எங்க பிடிக்கறதுன்னு பார்க்கணும். இப்ப தூங்கப் போறேன் அக்கா."