உயரமான ஜன்னலைத் துடைக்க நீளக் கம்பு வாங்கும்போது செய்யும் தவறுகள்

மாடி ஜன்னலின் வெளிப்பக்கக் கண்ணாடி பலருக்குப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோதான் நினைவுக்கு வரும். கிரில் இருப்பதால் உள்ளிருந்து கையை விட்டுத் துடைக்க முடியாது. ஏணி வைத்து ஏறப் பயம். சரி, நீட்டி மடக்கும் கம்பு ஒன்று வாங்கிவிடலாம் என்று ஆன்லைனில் தேடினால் 12 அடி, 20 அடி, 30 அடி என்று வரிசையாக வந்து நிற்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே நீளமானதை ஆர்டர் போடுவார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

விளம்பரத்தில் ‘20 அடி எட்டும்’ என்று இருந்தால் கம்பே 20 அடி என்று பொருளில்லை. பல சமயம் அது 12 அடிக் கம்பாக இருக்கும். மீதி 8 அடி, கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஆளின் உயரம். அப்படி நின்றுகொண்டு ஒரு கண்ணாடியைக்கூட ஒழுங்காகத் துடைக்க முடியாது. ஆகவே கம்பின் நீளம் எவ்வளவு, மடக்கினால் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். இரண்டும் போடாத பொருளை விட்டுவிடலாம்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பேஸ்மென்ட் 2 அடி, ஒரு தளம் 10 அடி, ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்று வைத்துக்கொண்டால், முதல் மாடி ஜன்னலின் உச்சி தெருமட்டத்திலிருந்து 19 அடி. கம்பின் அடிமுனை உங்கள் இடுப்பருகே, அதாவது 3 அடி உயரத்தில் இருக்கும். மீதி 16 அடி. ஆனால் சுவரை ஒட்டி நின்று வேலை செய்ய முடியாது, கீழ்த்தளத்து சன்ஷேட் இடிக்கும். 6 அடி தள்ளி நின்றால் சாய்வாக 17 அடி வரும். 18 அடிக் கம்பு போதும். இதே கணக்கில் இரண்டாம் மாடிக்கு 8 அடி தள்ளி நின்றால் 27 அடிக்கு மேல், அதாவது 30 அடிக் கம்பு. வீட்டைச் சுற்றி 3 அடி இடம்தான் விட்டுக் கட்டியிருக்கிறீர்கள் என்றால், அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்றுதான் துடைக்க வேண்டியிருக்கும். அதையும் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

கூடுதல் நீளம் சும்மா கிடைப்பதில்லை. ஒரே தடிமனுள்ள குழாயின் நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், நீளம் இரட்டிப்பாகும்போது வளைவு எட்டு மடங்காகும். 12 அடியில் விறைப்பாக நிற்கும் மலிவு அலுமினியக் கம்பு 24 அடியில் தூண்டில் மாதிரி ஆடுவதற்கு இதுதான் காரணம். நுனியில் இருப்பது வெறும் வைப்பர் என்று நினைக்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் குடித்த துணியுறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ரப்பர் கண்ணாடியில் பட்டும் படாமலும் ஓடி, துடைத்ததைவிடக் கோடு போட்டதே அதிகமாக இருக்கும். இரண்டு மாடி உயரத்துக்கு விறைப்பாகவும் எடை குறைவாகவும் வேண்டுமென்றால் கார்பன் ஃபைபர்தான், ஆனால் விலை அதிகம். வருடத்துக்கு இரண்டு முறை துடைப்பதற்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் பல வருடங்களுக்கு ஆள் வைத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, மின்கம்பியைப் பார்க்காமல் கம்பு வாங்குவது. முருங்கைக்காய் பறிக்க இரும்புத் துறட்டியைத் தூக்கி, மேலே போகும் லைனில் பட்டு உயிர் போன செய்திகளை நாம் படிக்காமல் இல்லை. அலுமினியக் கம்பும் அதே வேலையைச் செய்யும். கார்பன் ஃபைபர் பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஃபைபர் கிளாஸ் கடத்தாது, ஆனால் காய்ந்து சுத்தமாக இருக்கும்வரைதான். ஜன்னல் துடைக்கும்போது சோப்புத் தண்ணீர் கம்பு வழியே வழிந்து முழங்கை வரை வரும். அப்போது அதை நம்ப முடியாது. 11,000 வோல்ட் வரையிலான கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது சுமார் 4 அடி தள்ளியிருந்தால் விதிப்படி போதும். நீங்கள் நிற்பதோ 6 அடி தள்ளி. உங்கள் கம்பு லைனைக் கடந்துதான் ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம். தெருப்பக்கம் லைன் போகும் வீடு என்றால் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு எந்தக் கம்பும் வேண்டாம்.

அடுத்தது, நீட்டிய பாகங்களை நழுவாமல் பிடித்துவைக்கும் பூட்டு. திருகி இறுக்கும் கம்பு பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வைப்பர் பிடித்து வேலை செய்யும்போது கம்பை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருப்போம், அதில் பூட்டும் மெல்ல மெல்லத் தளரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்தாலும் வெளியே தெரியாது. ஒருநாள் மேல் பாகம் சர்ரென்று இறங்கி விரலை நசுக்கும்போதுதான் தெரியவரும். நீளக் கம்புக்கு வெளியே தெரியும் கிளாம்ப் வைத்ததே மேல். தளர்ந்தால் திருப்புளியால் இறுக்கிக்கொள்ளலாம். எந்தப் பூட்டானாலும் கடைசி வரை இழுக்காமல் ஒரு சாண் உள்ளேயே விடுங்கள்.

கம்பு ஒரு கடையில், வைப்பர் இன்னொரு கடையில் என்று வாங்கினால் முனை பொருந்தாமல் போகலாம். மரை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. பொருந்தாததைத் துணி சுற்றிச் செருகி 18 அடிக்கு மேலே அனுப்பினால் அது யார் தலையிலாவது விழும். வைப்பரின் கோணத்தை மாற்றும் மூட்டு ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கீழிருந்து சாய்வாகப் போகும் கம்பில் அது இல்லாமல் ரப்பர் கண்ணாடியில் படியாது. உங்கள் வீட்டில் கிரில் கண்ணாடிக்கு வெளியே இருந்தால் வைப்பர் உள்ளேயே போகாது. அங்கே நீண்ட முடியுள்ள பிரஷும் தண்ணீர்க் குழாயும்தான் உதவும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. ஆர்ஓ கழிவு நீரைப் பிடித்துவைத்து ஜன்னலுக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. தரை துடைக்கச் சரி, கண்ணாடிக்கு ஆகாது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. போர் தண்ணீரும் வெள்ளைப் புள்ளி வைக்கும். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அதில் உப்பு மிகக் குறைவு.

அபார்ட்மென்ட்வாசிகள் மடக்கிய நீளத்தையும் பாருங்கள். மூன்று பாகமுள்ள 24 அடிக் கம்பு மடக்கினாலும் 8 அடிக்குக் குறையாது. லிஃப்ட்டில் ஏறுவது கஷ்டம்.

கடையில் வாங்கினால் முழுக்க நீட்டி, ஈரத் துணியுறையோடு வைப்பரை மாட்டச் சொல்லி, இரண்டு நிமிடம் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். தோள் வலிக்கிறதா, பூட்டு இறங்குகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில், லைன் இல்லாத பக்கமாகப் பார்த்து, இதையே செய்துவிடுங்கள். தீபாவளி வரட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டுவைக்காதீர்கள்.