1950கள் ஸ்டைல் ஃப்ராக்கும் மேட்ச்சிங் பொலேரோவும் வீட்லயே தைக்கலாம்

இடுப்பு சிக்குனு, கீழ குடையா விரியுற பாவாடை, அதான் ஃபிஃப்டீஸ் ஃப்ராக். 1947 பிப்ரவரில பாரிஸ்ல ஃபேஷன் டிசைனர் கிறிஸ்டியன் டியோர் காட்டுன கலெக்‌ஷன்லேருந்துதான் இந்த ஷேப் ஊரெல்லாம் பரவுச்சு. அப்போ பிரிட்டன்ல துணிக்கு ரேஷனே முடியல, ஒரு பாவாடைக்கு இவ்ளோ துணியானு நல்லா திட்டும் வாங்குச்சு. நீங்களும் துணி எடுக்கும்போது திட்டுவீங்க, 44 இஞ்ச் அகலம்னா ஃப்ராக், பொலேரோ (அது மேல போடுற குட்டை ஜாக்கெட்) ரெண்டுக்கும் சேர்த்து ஐந்தரை மீட்டர், லைனிங் தனி. பாப்ளின் மாதிரி கொஞ்சம் விறைப்பா நிக்கிற காட்டன் எடுங்க, வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சு காயப்போட்டு இஸ்திரி போட்டுடுங்க.

பாவாடை வெறும் கணக்குதாங்க. இடுப்பு 27னா லூஸுக்கு ஒண்ணு சேர்த்து 28, ரெண்டு சைடு தையலுக்கு 2, ஆக 30. அதை 6.28ஆல வகுத்தா 4.77 வரும், அதுல தையலுக்கு அரை இஞ்ச் உள்ள தள்ளி நாலேகால் இஞ்ச் ஆரத்துல வளைவு போட்டு, ரெண்டு அரைவட்டமா வெட்டிக்கோங்க. வெட்டுன கையோட இடுப்பு வளைவுல ஒரு தையல் ஓட்டிடணும், இல்லேன்னா கிராஸா, அதாவது நூலுக்கு சாய்வா வெட்டுப்பட்ட துணி இழுத்துட்டே போகும்.

மேல்பாகம்தான் மெனக்கெடணும். லைனிங் பிளவுஸ் தைக்கத் தெரிஞ்சா பாதி வேலை தெரிஞ்ச மாதிரி, ஆனா இது இடுப்பு வரைக்கும் இறங்கும், அதனால டார்ட் (உடம்புக்குப் பொருந்த மடிச்சு தைக்கிற முக்கோண மடிப்பு) எங்க முடியணும்னு மொதல்ல காடாத் துணில தச்சு போட்டுப் பாத்துட்டுதான் நல்ல துணில கத்திரி வைங்க. டார்ட் முனையில ரிவர்ஸ் அடிக்காம நூலை விட்டு முடிச்சு போடுங்க, அப்போதான் குமிழ் மாதிரி தூக்காது. இடுப்பு டார்ட்டை நடுப்பக்கமா சாய்ச்சு, சைடு டார்ட்டை கீழ்ப்பக்கமா சாய்ச்சு, சுருட்டுன டவல் மேல வச்சு இஸ்திரி போடுங்க. இதை சோம்பல்பட்டு விட்டா என்ன தச்சாலும் வீட்ல தச்சதுனு தெரிஞ்சிடும்!

ஜிப் முதுகுல வேணாம், அந்தக் காலத்து லுக் வேணும்னா இடது கை அடியில, அக்குள்லேருந்து ரெண்டு இஞ்ச் விட்டு. அப்புறம் ஃப்ராக்கை ஒரு நாள் முழுசா ஹேங்கர்ல தொங்கவிட்டுட்டுதான் கீழ் ஓரம் மடிக்கணும், கிராஸா வர்ற இடமெல்லாம் இறங்கியிருக்கும், தரையிலேருந்து ஸ்கேல் வச்சு அளந்து சமமா வெட்டிக்கோங்க.

பொலேரோ ஈஸி. மேல்பாக பாட்டர்னையே எடுத்து இடுப்புக்கு ரெண்டு இஞ்ச் மேல நிறுத்தி, கை வளைவை அரை இஞ்ச் இறக்கி, சைடுல அரை இஞ்ச் கூட்டிக்கோங்க, ஃப்ராக் மேல போடறதாச்சே. துணியும் லைனிங்கும் தனித்தனியா தச்சு, நல்ல பக்கம் ரெண்டும் உள்ள வர்ற மாதிரி வச்சு வெளி ஓரம் சுத்தி அடிங்க, முதுகுக்குக் கீழ நாலு இஞ்ச் மட்டும் விட்டுட்டு அது வழியா வெளிய திருப்புங்க. அந்த ஓட்டையையும் கை ஓரத்தையும் கைத்தையல் போட்டு மூடுனா முடிஞ்சுது. பட்டன் வேணாம், கழுத்துல ஒரே ஒரு ஹூக் போதும்.